ஏஜென்டுக்குக் கொடுக்கும் காசை டிக்கெட்டுக்கு வையுங்கள்

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் அமெரிக்காவின் இரண்டு வருடக் கல்லூரிகளான கொமியூனிட்டி கொலிஜ்கள் பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அப்பா அம்மாமார் எழுதியவை. படிக்கப் போகிறவர்கள் எழுதியது குறைவு. அது எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது. ஏன் என்பது பதில்களைப் படிக்கும்போது விளங்கும். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் சியாட்டிலுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கல்லூரியில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறியவள். இப்போது திருகோணமலையில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன்.

மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. மூன்று பாடமும் சித்தி, ஆனால் இங்கே பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி போதவில்லை. கொமியூனிட்டி கொலிஜில் இடம் எடுத்துத் தர ஒரு ஏஜென்ட் நாலு இலட்சம் கேட்கிறார். டொரன்டோவில் இருக்கும் என் மைத்துனரோ, அது படிப்பு வராத பிள்ளைகள் போகிற இடம் என்கிறார். யாரை நம்புவது?
- ஒரு தந்தை, உவர்மலை

ஐயா, இரண்டு பேரையும் நம்ப வேண்டாம்.

முதலில் ஏஜென்ட். அங்கே இடம் 'எடுத்துத் தருவதற்கு' ஒன்றுமே இல்லை. இந்தக் கல்லூரிகள் பெரும்பாலும் கதவைத் திறந்து வைத்திருப்பவை. பாடசாலைப் படிப்பை முடித்த சான்றிதழ், ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி, செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்டும் வங்கிக் கடிதம், கடவுச்சீட்டு. இவ்வளவும் சரியாக இருந்தால் அனுமதி கிடைக்கும். ஆங்கிலத்துக்கு டோஃபல், ஐ.ஈ.எல்.டி.எஸ். மட்டுமல்ல, வீட்டில் இருந்தே எழுதும் டுவோலிங்கோ பரீட்சையையும் பல கல்லூரிகள் ஏற்கின்றன. விண்ணப்பத்தை மகனே ஒரு பின்னேரத்தில் நிரப்பலாம். சந்தேகம் இருந்தால் கொழும்பில் அமெரிக்க - இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் எடியுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆலோசனைக்குக் காசு கேட்கமாட்டார்கள். அந்த நாலு இலட்சம் விமான டிக்கெட்டுக்கு ஆகும்.

இனி மைத்துனர். அவர் சொல்வதில் பாதி, ஊர்ப் பேச்சு. கொமியூனிட்டி கொலிஜ் என்பது இரண்டு வருடப் படிப்பு, ஏறத்தாழ 60 கிரெடிட். கிரெடிட் என்பது பாடத்தின் அளவைக் காட்டும் கணக்கு, கலிஃபோர்னியாவில் அதையே யூனிட் என்பார்கள். முடித்தால் அசோசியேட் பட்டம். அதோடு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாறலாம். கலிஃபோர்னியாவில் மட்டும் இப்படி 116 அரச கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், அதாவது டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ், கேட்ட பாடங்களைக் கேட்ட புள்ளியோடு முடித்தவருக்கு இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கின்றன. நம் பிள்ளைகளுக்கும் இது உண்டு. ஒரு வளாகத்துக்குத்தான் கேட்கலாம். சில வளாகங்களில் பொறியியல், கணினி போன்ற துறைகள் இதில் அடங்காது. பெர்க்லி, லொஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ வளாகங்கள் இந்த ஏற்பாட்டில் இல்லை. அவற்றுக்குப் போட்டி போட்டுத்தான் போக வேண்டும், ஆனால் போகிறார்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்று: கல்லூரியை முதலில் தேடாதீர்கள். மகன் கடைசியில் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தத் துறையில் பட்டம் வாங்கப் போகிறார் என்று முடிவெடுங்கள். பிறகு அந்தத் துறை என்னென்ன பாடங்களை ஏற்கிறது என்று பாருங்கள். கலிஃபோர்னியாவுக்கு 'அசிஸ்ட்' என்று ஓர் இணையத்தளம் இருக்கிறது. இந்தக் கல்லூரியின் இந்தக் கல்குலஸ் பாடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று வரிக்கு வரி போட்டிருப்பார்கள். பொறியியல் என்றால் கல்குலஸ், பௌதிகம், இரசாயனம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் படிகள். ஒரு படியை அந்தக் கல்லூரி வசந்த காலத்தில் மட்டும் நடத்தினால் ஒரு வருடம் தள்ளிப்போகும். இதை ஏஜென்ட் பார்க்கமாட்டார். அவருக்குக் கமிஷன் கொடுக்கும் கல்லூரியைத்தான் பார்ப்பார்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாக்காரருக்கு ஒரு யூனிட் 46 டொலர். வெளிநாட்டு மாணவருக்கு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 300 இலிருந்து 450 டொலர், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விசாவுக்கு ஒரு செமெஸ்டரில் 12 யூனிட் எடுத்தால் போதும். ஆனால் நாலு செமெஸ்டருக்கு 48 தானே வரும்? 60 வர வேண்டும் என்றால் 15 எடுக்க வேண்டும், அல்லது கோடை விடுமுறையில் படிக்க வேண்டும். வீட்டு வாடகை, சாப்பாடு, காப்புறுதி சேர்த்தால் வருடத்துக்கு 25,000 முதல் 30,000 டொலர் என்று வையுங்கள். டொலரை 300 ரூபாயாகப் பிடித்தாலும் 75 இலிருந்து 90 இலட்சம். இது மலிவான பாதி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிறகு வருடச் செலவு 70,000 டொலரைத் தாண்டும். 'கால் ஸ்டேட்' எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் நன்றாகக் குறைவு. நாலு வருடக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் முதல் வருடத்துக்குச் சரி சொல்ல வேண்டும். அந்தத் தாளை மகனை எழுதச் சொல்லுங்கள், ஐயா. நீங்கள் எழுத வேண்டாம்.

கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முதலில், என் பெயர் பிறகு. பெறுபேற்றுத் தாளில் அப்பாவின் பெயருக்கு முதலெழுத்து மட்டும். டுவோலிங்கோவில் என் பெயரை மட்டும் கொடுத்துப் பதிந்துவிட்டேன். பிரச்சினை வருமா அக்கா?
- மாணவி, சாம்பல்தீவு

வரும் தங்கச்சி, ஆனால் இப்போதே சரிசெய்தால் சின்னப் பிரச்சினை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன இருக்கிறது, மற்றப் பெயர்கள் என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி ஓடும், அதையும் பாருங்கள். கல்லூரி விண்ணப்பம், அனுமதி தந்து விசாவுக்காக அவர்கள் அனுப்பும் ஐ-20 படிவம், டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், ஆங்கிலப் பரீட்சை எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை. பரீட்சை நிறுவனத்துக்குக் கடவுச்சீட்டுப் பக்கத்தோடு எழுதிப் பெயரைத் திருத்தக் கேளுங்கள். ஐ-20 வந்த உடனே முதலில் பெயரையும் பிறந்த திகதியையும் சரிபாருங்கள். பிழை என்றால் கல்லூரி திருத்தி மறுபடி அனுப்பும்.

கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், மற்ற இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது 'முதற்பெயர் தெரியாது' என்று மூன்று எழுத்து விழும். பிறகு வங்கியில், சாரதி அனுமதிப்பத்திரத்தில் எல்லாம் அந்த மூன்று எழுத்து உங்கள் பெயராகத் திரியும்.

வகுப்பில் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்க்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். பல கல்லூரிகளின் கணினிப் பதிவில் விருப்பப் பெயர் என்று ஓர் இடம் இருக்கும். சேர்ந்த அன்றே உங்கள் பெயரை அதில் போடுங்கள்.

மகள் பிறந்தது 2005. அடுத்த வருடம் சண்டையில் சம்பூரை விட்டு வெளிக்கிட்டபோது கிளினிக் அட்டை, பிறப்புச் சான்று எல்லாம் போய்விட்டது. பிறப்புச் சான்றைத் திரும்ப எடுத்துவிட்டோம். இப்போது கல்லூரி தடுப்பூசிப் பதிவு கேட்கிறது. என்ன செய்வது?
- ஒரு தாய், சம்பூர்

அம்மா, இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. மூதூர்ப் பக்கத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு இதே நிலைதான். அதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை. அட்டை இல்லாவிட்டால் ஊசியைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முதலில் எம்.ஓ.எச்., அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பாடசாலையில் போட்ட ஊசிகளின் பதிவு ஏதாவது அகப்படலாம். கல்லூரிகள் முக்கியமாகக் கேட்பது எம்.எம்.ஆர்., அதாவது சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி, இரண்டு தடவை. இங்கே ஒரு விஷயம். மகளின் வயதுப் பிள்ளைகளுக்கு அட்டை பத்திரமாக இருந்தாலும் கூகைக்கட்டு அதில் இல்லாமல் போகலாம். எம்.எம்.ஆர். நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்கு 2011 இல்தான் வந்தது. அதற்கு முந்திய பிள்ளைகளுக்குச் சின்னமுத்தும் ருபெல்லாவும்தான். ஆகவே அட்டை உள்ளவர்களும் எடுத்துப் பாருங்கள். இரண்டு ஊசிக்கும் நடுவில் குறைந்தது நாலு கிழமை வேண்டும். அதனால் விமானம் ஏறும் மாதத்தில் தொடங்கினால் காணாது. ஊசி போடாமல், உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தம் சோதித்துக் காட்டினாலும் பல கல்லூரிகள் ஏற்கும்.

இரண்டாவது, காசநோய்ச் சோதனை. நம் பிள்ளைகளுக்குப் பிறந்த உடனே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிறோம், தோளில் தழும்பு இருக்கும். கையில் ஊசி குத்தி வீக்கத்தை அளக்கும் பழைய சோதனையில் அந்த பி.சி.ஜி.யாலேயே 'இருக்கிறது' என்று காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, விளக்கம் என்று அலைச்சல். இரத்தத்தில் செய்யும் ஐ.ஜி.ஆர்.ஏ. சோதனைக்கு பி.சி.ஜி. குழப்பம் இல்லை. கல்லூரி அதை ஏற்குமா, அமெரிக்காவுக்கு வந்து செய்ய வேண்டுமா என்று மகளை மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று: எம்.எம்.ஆர். போட்டு நாலைந்து நாளில் இந்தச் சோதனையைச் செய்தால் முடிவு பிழைக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், இல்லையென்றால் நாலு கிழமை விடுங்கள். வைத்தியர் ஆங்கிலத்தில் திகதியோடு எழுதி, கையொப்பமும் முத்திரையும் வைத்த தாள் வேண்டும். அதைப் போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

விசா நேர்முகத்துக்கு என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு தாள் தர முடியுமா மிஸ்?
- மாணவன், தம்பலகாமம்

தரமாட்டேன் தம்பி. தாளைப் பாடமாக்கிக்கொண்டு போகிறவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் விசா அதிகாரி முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சரி, நடப்பதைச் சொல்கிறேன். ஐ-20 வந்த பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டொலர். இதை எழுதும்போது இருக்கும் தொகை இது. கட்டுவதற்கு முன் தூதரகத் தளத்தில் பாருங்கள். 2025 ஜூனில் இருந்து மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். டி.எஸ்.-160 இல் கணக்குப் பெயர்களையும் கேட்கும், மறைக்காமல் எழுதுங்கள்.

முதல் நாள் இரவு ரயிலில் ஏறி, கோட்டையில் இறங்கி, நித்திரை இல்லாத கண்ணோடு நேரே காலி வீதியில் இருக்கும் தூதரகத்துக்குப் போகாதீர்கள். ஒரு நாள் முந்திப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் படுங்கள். போனும் பையும் உள்ளே கொண்டுபோக முடியாது. நின்றபடி கதைப்பது, பெரும்பாலும் சில நிமிடம்தான். ஏன் இந்தக் கல்லூரி, என்ன படிப்பு, யார் காசு கட்டுகிறார்கள், அப்பா என்ன தொழில், பிறகு என்ன செய்யப் போகிறாய். சட்டப்படி, நீங்கள் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் அந்த அதிகாரி தொடங்க வேண்டும். இல்லை என்று காட்டுவது உங்கள் வேலை. "நல்ல கல்லூரி, நல்ல சூழல்" என்றால் அது எந்தக் கல்லூரிக்கும் பொருந்தும். "இரண்டு வருடம் இங்கே இந்தப் பாடங்கள், பிறகு இந்தப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல், எங்கள் பக்கம் கந்தளாய்க் குளத்து நீரில்தான் வயல் செய்கிறோம்" என்று ஒரு பையன் என் வகுப்பில் சொல்லிப் பழகினான். அது அவனுடைய சொந்தக் கதை. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அப்பா காணி உறுதிகளையும் தந்து விடுவார். கொண்டுபோங்கள், கேட்டால் மட்டும் எடுங்கள். அவர்கள் பார்ப்பது முதல் வருடச் செலவுக்குக் கையில் எடுக்கக்கூடிய பணம். நகை அடகு வைத்தோ காணி விற்றோ திடீரென்று ஒரு தொகை கணக்கில் ஏறியிருந்தால் அதன் ரசீதையும் வையுங்கள். வாடகைக்குப் பணம் போட்டுக் காட்டும் வங்கிக் கடிதம், பொய்ச் சான்றிதழ் ஆகியவற்றை யார் 'செய்து தருகிறேன்' என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால் அந்த ஒரு விசா மட்டுமல்ல, அமெரிக்காவே வாழ்நாளுக்கு மூடிவிடலாம். உண்மையைச் சொல்லி மறுக்கப்பட்டவர் மறுபடி கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம்.

அங்கே போய்ப் பகுதிநேர வேலை செய்து கட்டணத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்கிறார்களே?
- ஒரு அண்ணன், பாலையூற்று

முடியாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் கிழமைக்கு 20 மணி நேரம் வரை. முதல் கல்வியாண்டில் வெளியே வேலை இல்லை. வளாக வேலை கிடைத்தால் கைச்செலவுக்கு ஆகும். பெற்றோல் நிலையத்தில், கடையில் கைக்காசுக்கு வேலை எடுத்துத் தருகிறேன் என்கிற நம் ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள். பிடிபட்டால் விசா நிலை போகும், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

கல்லூரியில் ஹொஸ்டல் இல்லை என்கிறார்கள். வாப்பா அதைக் கேட்டதும் வேண்டாம் என்றுவிட்டார். என்ன வழி?
- மாணவி, கிண்ணியா

பெரும்பாலான கொமியூனிட்டி கல்லூரிகளில் இல்லைதான். வாப்பாவின் பயம் நியாயமானது, அதற்குப் பதிலாக நாலு விவரத்தைக் காட்டுங்கள். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நீங்களே எழுதி, ஒரு குடும்பத்தோடு தங்கும் ஹோம்ஸ்டே ஏற்பாடு இருக்கிறதா, பெண்கள் மட்டும் உள்ள வீடு கிடைக்குமா, ஹலால் சமைக்கலாமா, வளாகத்தில் தொழ இடம் உண்டா என்று கேளுங்கள். அவர்கள் எத்தனை நாளில், எவ்வளவு அக்கறையாகப் பதில் எழுதுகிறார்கள் என்பதே கல்லூரியைப் பற்றிப் பாதி சொல்லிவிடும். அந்த மின்னஞ்சலை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

விளம்பரத்தில் பார்த்த வீட்டுக்கு, இங்கே இருந்தபடி முற்பணம் அனுப்ப வேண்டாம். முதல் மாதம் ஹோம்ஸ்டேயில் இருந்துவிட்டு, நேரில் பார்த்து அறை எடுங்கள். அங்கே கடன் வரலாறு இல்லாத புதியவரிடம் கூடுதல் முற்பணமோ பிணையாளோ கேட்பார்கள். ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் நடுவில் விடுவதற்குத் தண்டம் உண்டு. வீட்டைப் பார்க்கும்போது வரைபடத்தில் பஸ் பாதையைப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு முடிந்தால் அதற்குப் பிறகு பஸ் இருக்கிறதா? கார் இல்லாத பிள்ளைக்கு வாடகை குறைந்த தூரத்து வீடு மலிவில்லை.

ஆகஸ்டில் தொடங்குகிறேன். வகுப்புத் தொடங்குவதற்கு முன் என்ன படித்து வைக்க வேண்டும்?
- மாணவி, லிங்கநகர்

பாடம் ஒன்றும் வேண்டாம். பழக்கத்தை மாற்றுங்கள். நாம் உயர்தரத்துக்கு எப்படிப் படித்தோம்? இரண்டு வருடம் டியூஷன், கடைசி மூன்று மாதம் பாஸ்ட் பேப்பர், ஒரு சோதனை. அங்கே முதல் கிழமையிலேயே புள்ளி தொடங்கிவிடும். வீட்டுப்பாடம், குட்டிச் சோதனை, குழு வேலை, வகுப்பில் கதைப்பது எல்லாம் இறுதிப் புள்ளியில் சேரும். கடைசியில் விழுந்து விழுந்து படித்து மீட்க முடியாது. நான் படித்த வாஷிங்டன் மாநிலத்தில் குவாட்டர் முறை, ஒரு பாடம் பத்துப் பதினொரு கிழமையில் முடிந்துவிடும். மூன்றாம் கிழமை விழித்தால் சரி, ஐந்தாம் கிழமை என்றால் பிந்திவிட்டது.

கலிஃபோர்னியா என்றால் இன்னும் இறுக்கம். நான் மேலே சொன்ன உறுதி இடத்துக்கு, மாறுகிற ஆண்டுக்கு முந்திய செப்டெம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஆகஸ்டில் தொடங்கும் உங்களுக்கு அது அடுத்த ஆண்டு செப்டெம்பர். அப்போது கையில் இருப்பது முதல் வருடப் புள்ளி மட்டும்தான்.

முதல் நாள் ஒவ்வொரு ஆசிரியரும் சிலபஸ் என்று சில பக்கம் தருவார், அல்லது கன்வாஸ் என்ற பாடத் தளத்தில் போடுவார். எல்லாத் திகதிகளும் எதற்கு எத்தனை சதவீதம் என்பதும் அதில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கலண்டரில் எழுதுங்கள். ஆசிரியர் தன் அறையில் இருக்கும் நேரமும் அதில் போட்டிருக்கும். அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டுங்கள். நம் பிள்ளைகள் 'ஏதாவது நினைப்பாரோ' என்று போவதில்லை, அவர் போகாதவரைத்தான் ஏதாவது நினைப்பார். மாறும்போது சிபாரிசுக் கடிதம் தேவைப்பட்டால் யாரிடம் கேட்பீர்கள்?

பாடம் கஷ்டம் என்றாலும் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் அதைக் கைவிடும் பொத்தானை அழுத்த வேண்டாம். 12 யூனிட்டுக்குக் கீழே போனால் விசா நிலை போகும். முழுக்க இணையவழி வகுப்புகளில் ஒன்று மட்டும்தான் அந்தக் கணக்கில் சேரும். வீடு மாறினால் பத்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஐ-20 இல் உள்ள தொடக்கத் திகதிக்கு 30 நாளுக்கு முன்னர் நாட்டுக்குள் விடமாட்டார்கள், டிக்கெட் போடும்போது பாருங்கள்.

மகனுக்கு ரைஸ் குக்கர், கருவாடு, கறிவேப்பிலை, சம்பா அரிசி கட்டிக் கொடுக்கலாமா?
- ஒரு தாய், திருக்கடலூர்

குக்கர் வேண்டாம் அம்மா. நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. போட்டால் வெதுவெதுப்பாகக் கிடக்கும், சோறு வேகாது. மடிகணினி, போன் சார்ஜர்களில் சின்ன எழுத்தில் 100 - 240 என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும்.

கறிவேப்பிலையைப் பறித்துவிடுவார்கள், தோடைக் குடும்பத்து மரங்களுக்கு நோய் கொண்டுவரும் பூச்சி அதில் வரும் என்று. அரிசி, பருப்பு, பயறு, இறைச்சி வேண்டாம். கருவாடும் வீட்டில் வறுத்து இடித்த தூளும் கொண்டுபோகலாம், நன்றாகச் சுற்றி, என்ன என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். உணவு இருக்கிறதா என்று அதிகாரி கேட்டால் "ஓம், உலர்ந்த மீன், மசாலா" என்று மகன் சொல்ல வேண்டும். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், மிஞ்சிப்போனால் எடுத்துப் போடுவார்கள். ஒளித்தால்தான் தண்டம். கருவாட்டை மகனின் உடுப்புப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.